இரைச்சலுக்குப் பொன்னாடை

ஆகாயம் மனித குலம் முழுமைக்கும் சொந்தமானது. அதற்கு வேலி கிடையாது, சுவர் கிடையாது, காவல்காரன் கிடையாது. திருச்சி சாந்தி நிலையம் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த அரசகேசரிக்கு அந்த ஆகாயத்திலிருந்து கொர்ர் என்ற சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

அரசகேசரி பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். முறைப்படி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வானலையில் ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோக்காரரும்கூட. தென்மாவட்டத்து ஹாம்கள் தினமும் காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் வைத்து, எல்லோரும் கேட்க, தூத்துக்குடி இன்னாசிமுத்து ஒன்றைச் சொல்லிவிட்டார். அரசகேசரி அண்ணாச்சி பேசி முடிப்பதற்குள் உப்பளத்தில் ஒரு பாத்தி விளைந்துவிடும் என்று சொன்னார். நாகர்கோவில் வரை சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் இன்னாசிமுத்து தானாகவே வானலையில் வந்தார். "அண்ணாச்சி, நேத்து நான் உங்களப் பத்திச் சொன்னது இருக்கே, அது..."

அந்த இடத்தில்தான் இரைச்சல் வந்தது.

அது ஆனி மாதம். இப்போது ஆவணி. இன்னாசிமுத்து இன்னும் அதே வாக்கியத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார். ரேடியோவைப் போட்டால், இரைச்சலுக்கு அடியில் அவர் குரல் ஊர்ந்து போவது தெரியும். சாயங்காலம் போட்டாலும் தெரியும். இடையில் சாப்பிடப் போனதாகத் தெரியவில்லை. அந்த வாக்கியம் எங்கே போய் முடியப்போகிறது என்பதுதான் அரசகேசரியின் கவலை. தப்பு என்று முடிந்தால் மன்னித்துவிடுவார். மன்னிக்கிற மாதிரி குரலை வைத்துக்கொண்டு குளியலறையில் பலமுறை பேசிப் பார்த்திருந்தார். தப்பே இல்லை என்று முடிந்தால் அதற்கு வேறு குரல் வைத்திருந்தார். முடிவு தெரியாமல் இரண்டு குரலையும் தொண்டையில் தூக்கிக்கொண்டு அலைவது அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் பொறுமை போனது. இரைச்சலைத் தேடிக் கிளம்புகிறவன் முதலில் தன் வீட்டு மெயினை அணைக்க வேண்டும். அதுதான் முறை. ரேடியோவை பாட்டரியில் ஓடவிட்டு மெயினை அணைத்தார். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. மனைவி செண்பகவல்லி அரைத்துக்கொண்டிருந்த சட்னி பாதியில் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

"நின்னுச்சா?" என்று அடுக்களையிலிருந்து செண்பகவல்லி கேட்டாள்.

"இல்ல."

"அப்ப நம்ம வீடு யோக்கியம். மெயினப் போடுங்க."

யோக்கியம் இல்லாத வீடு எது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கைக்கு அடக்கமான பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதற்குள் ஒரு கறுப்புக் குச்சி உண்டு. குச்சியின் முனை குற்றவாளியை நேருக்கு நேர் பார்க்கிறபோது இரைச்சல் அடங்கிவிடும். சத்தத்தின் பின்னால் போகிறவன் ஏமாறுவான். பெட்டி எந்தப் பக்கம் பார்த்து வாயடைத்துப்போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் இருக்கிறான். தோள்பையில் கறுப்பு வளையங்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். குற்றவாளியின் ஒயரை அந்த வளையத்தில் நாலு சுற்றுச் சுற்றினால் கொட்டம் அடங்கும்.

படிக்கட்டுக்குப் போகிற நடைவழி அன்றைக்கு நீளமாக இருந்தது. குடியிருப்போர் சங்கம் அதை நீட்டியிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம் வேறு வைத்திருந்தார்கள். அதில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு காத்திருந்தது. பேருந்து வருமா என்று கேட்டதற்கு, நேற்று வந்ததாகச் சொன்னார்கள். அரசகேசரி நடந்தே போனார். அவருடைய கோபம் அவருக்கு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அழைப்பு மணிகளை அதுதான் அடித்தது.

இரண்டாம் மாடியில் ஜெசிந்தா கதவைத் திறந்தாள். அவள் கணவர் அருளப்பன் ஈஸ்டர் முடிந்த கையோடு இன்வர்ட்டராக மாறியிருந்தார். கூடத்து மூலையில் பாட்டரி மேல் உட்கார்ந்து ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தார். நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

எப்படி இருக்கிறார் என்று அரசகேசரி விசாரித்தார். விசாரிக்காமல் டிரான்சிஸ்டரைத் திருப்புவது மரியாதை இல்லை.

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலாம் சார்," என்றாள் ஜெசிந்தா. "முன்னாடி நாலு தடவ கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாரு. இப்ப கரண்டு போன நொடியே எந்திரிச்சிடறாரு. அப்பப்ப தண்ணி ஊத்தணும், அவ்ளோதான்."

டிரான்சிஸ்டரின் முனை அருளப்பனைப் பார்த்தபோது இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. முழுக்க அடங்கவில்லை. அரசகேசரி அவருடைய ஒயரை எடுத்து வளையத்தில் சுற்றினார். அருளப்பனின் உறுமல் தணிந்தது. பச்சை விளக்கு இருமுறை சிமிட்டியது.

"கூசுதுங்கிறாரு," என்று ஜெசிந்தா எடுத்துச் சொன்னாள். பிறகு, அரசகேசரி தேடுகிற ஆள் கீழே இருப்பதாகவும், அவருக்குத்தான் இன்றைக்குப் பாராட்டு விழா என்றும், தானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம்தான் என்றும் சொன்னாள். "நீங்க போகலையா சார்? உங்க பேரத்தான் மைக்குல முதல்ல சொன்னாங்க."

தரைத்தளத்தில், சங்கத் தலைவர் குலோத்துங்கனின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அவர் கதவுக்கு மேலே எழுத்துகள் ஓடுகிற மின்பலகை ஒன்று இருந்தது. சிவப்பு எழுத்தில் அவர் பட்டங்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. குடியிருப்புச் செம்மல். தொட்டி கழுவிய தூயோன். லிஃப்ட் கொண்டான். ஓடி முடிந்ததும் மறுபடியும் செம்மல். எல்லாமே அவர் தலைமையில் கூடிய கூட்டத்தில் அவருக்கு அவர் வழங்கியவை. பலகையிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, கடைத்தெருவில் குவித்துப் போட்டு விற்கிற கறுப்பு அடாப்டர் ஒன்றில் முடிந்தது. அடாப்டர் கொதித்துக்கொண்டிருந்தது.

அரசகேசரி டிரான்சிஸ்டரை அதன் பக்கம் திருப்பினார். டிரான்சிஸ்டர் செத்ததுபோல் அடங்கியது.

"இதான்," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

மேடையில் ஒரு சிம்மாசன நாற்காலி இருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்காருகிற வகை. அதில் இரைச்சல் உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தோள் உயரத்தில் ஒரு பொன்னாடை மட்டும் நின்றது. தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார்.

"ஊமையாய்க் கிடந்த இவ்வடுக்ககத்துக்கு ஒலி தந்த உத்தமரே," என்று அவர் தொடங்கினார். இரைச்சலின் தொன்மையைப் பற்றிப் பேசினார். உலகம் தோன்றிய நாளில் இருந்தது இரைச்சல்தான் என்றும், பேச்செல்லாம் பின்னால் வந்த இடைச்செருகல் என்றும் சொன்னார். முதல் வரிசையில் கைதட்டினார்கள். இரைச்சல் அடக்கத்தோடு கொர்ர் என்றது.

அரசகேசரி மேடையேறி, இந்தச் சனியனை முதலில் வெளியே அனுப்புங்கள் என்றார்.

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. புன்னகைத்தார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "சார், இவர இங்க வரச் சொன்னதே நீங்கதான," என்றார்.

அரசகேசரிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது.

ஹாம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் பேசுகிறவரின் குரல் எப்படிக் கேட்கிறது என்பதை எண்ணில் சொல்ல வேண்டும். ஐந்து ஒன்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று பொருள். ஒன்று ஒன்று என்றால் ஒரு எழவும் கேட்கவில்லை என்று பொருள். யாரும் யாருக்கும் ஒன்று ஒன்று கொடுப்பதில்லை. மனம் புண்படும். எதிராளி கிணற்றுக்குள் இருந்துகொண்டு வாயில் துண்டை அடைத்துப் பேசினாலும் ஐந்து ஒன்பதுதான். ஐந்து ஒன்பது, அருமை, உங்கள் பெயரை மட்டும் இன்னும் ஒருமுறை சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். அரசகேசரி உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஒன்பதைத் தவிர வேறெதையும் யாருக்கும் கொடுத்தவரில்லை.

ஆனி மாதத்தில் இரைச்சல் முதன்முதலாக வந்து கொர்ர் என்றபோது, யாரோ புதியவர் என்று நினைத்து, கைப்பழக்கத்தில் மைக்கை அழுத்தி, "ஐந்து ஒன்பது, அருமை, அடிக்கடி வாங்க," என்று சொல்லியிருந்தார்.

"அந்த வார்த்தைய நம்பித்தான சார் சங்கத்துல சேர்த்தோம்," என்றார் தலைவர். "கார் நிறுத்த இடம் குடுத்தோம்."

"எந்த இடம்?"

"உங்க இடம்தான்."

கூட்டம் தலையாட்டியது. ஒரு படித்த மனிதர் கொடுத்த வாக்கை மீறி விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அடுக்ககத்துக்குத்தான் கேவலம் என்று ஜெசிந்தா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பட்டுப்புடவை சரசரத்ததில் பாதி கேட்கவில்லை.

இரைச்சல் நாற்காலியில் அரசகேசரியின் பக்கம் திரும்பியது. பொன்னாடையின் மடிப்பு மாறியதில் தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால், மரியாதையாக, தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று அது கேட்டது. கொர்ர் என்றுதான் கேட்டது. ஆனால் கேள்விதான் என்பதில் சந்தேகமில்லை.

அரசகேசரியின் நாக்கு ஐந்து என்று சொல்ல வளைந்தது. பழக்கம். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கோபம் அப்போது பந்தலின் ஓரத்தில் கேசரி வாங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அது தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவருக்குள் ஏறிக்கொண்டது.

"ஒன்று ஒன்று," என்றார்.

சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பொன்னாடை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"ஒரு எழவும் கேக்கல," என்று அரசகேசரி விளக்கமாகவே சொன்னார். "ரெண்டு மாசமா நீ என்ன சொல்றேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. கைதட்டுறவனுக்கும் தெரியாது. நீ ஒரு மட்டமான அடாப்டரு. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி, பலகையின் ஒயரைப் பிடித்து இழுத்து வளையத்தில் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்றில் லிஃப்ட் கொண்டான் போனது. அடுத்த சுற்றில் தொட்டி கழுவிய தூயோன் போனது. ஒவ்வொரு பட்டத்துக்கும் தலைவர் கொஞ்சம் குள்ளமானார். மைக் அவர் மூக்குக்கு வந்தது, பிறகு நெற்றிக்கு.

"இதெல்லாம் முறையல்ல, நண்பரே," என்றார் தலைவர்.

அரசகேசரி சுற்றினார்.

"சார், செம்மலையாச்சும் விட்டுருங்க சார். பொண்ணு பாக்க வர்றாங்க. வாசல்ல ஒண்ணும் இல்லன்னா எப்படி."

அரசகேசரி இன்னும் இறுக்கிச் சுற்றினார். பலகையில் வீட்டு எண் மட்டும் மிஞ்சியது. அது ஓடவில்லை. இருந்த இடத்தில் இருந்தது.

நாற்காலியில் பொன்னாடை தொப்பென்று விழுந்தது. கேட் தானாகத் திறந்து மூடியது. காவலாளி எழுந்து சல்யூட் வைத்தார், யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து இந்த மனிதன் அப்படி என்னத்தைத்தான் கேட்கப்போகிறான் என்று பார்க்க எல்லோரும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். நடைவழி இப்போது சின்னதாக இருந்தது, ஒரே எட்டில் வீடு வந்துவிட்டது. அருளப்பனையும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து, சுவிட்சை அணைத்து, ஓரமாக உட்காரவைத்தாள் ஜெசிந்தா. தலைவர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். இப்போது அந்த இடம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அரசகேசரி எல்லோரையும் முறைத்தார். அவர் சொல்கிறவரை ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். இருமல் வந்தால் விழுங்க வேண்டும். எவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. மீறினால் அவரவர் வீட்டு ஒயரையெல்லாம் வளையத்தில் சுற்றிவிடுவதாகச் சொன்னார். சொன்ன விதத்தில் எல்லோரும் நம்பினார்கள். செண்பகவல்லியே மெயினை அணைத்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டார்.

இரைச்சல் இல்லை. கழுவிவிட்ட தரைபோல ஆகாயம் துப்புரவாக இருந்தது. அரசகேசரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபம் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு எங்கோ போனது.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் வந்தது.

"...அது பெரிய தப்பு அண்ணாச்சி," என்றார் இன்னாசிமுத்து. நாலு பேர் சிரிக்கட்டும் என்று வாய் தவறிச் சொன்னதாகச் சொன்னார். அண்ணாச்சி பேச்சுக்காகவே காலையில் எழுந்திருக்கிறவன் தான் என்றார். தன் வீட்டுக்காரி ரெண்டு மாசமாகத் தன்னோடு பேசுவதில்லை என்றார். பிறகு கொஞ்சம் அழுதார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. ஜெசிந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செண்பகவல்லி அந்த ரேடியோவை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

"அண்ணாச்சி, கேக்குதா?" என்றார் இன்னாசிமுத்து. "இத இன்னொருக்கா சொல்ல எனக்குத் தெம்பு கெடையாது பாத்துக்கிடுங்க. கேக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

எல்லோரும் அரசகேசரியைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் இருமலை விழுங்கினார்.

"சரி அண்ணாச்சி. உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு இன்னாசிமுத்து தன் செட்டை அணைத்தார். அந்த டக் என்ற சத்தமும் நன்றாகக் கேட்டது.

அரசகேசரி தூங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது. சட்டைக் காலரில் எச்சில் வழிந்திருந்தது.