ராகுகாலமும் ரைட் கேச்சும்

பக்தவத்சலத்துக்கு மாமல்லபுரம் கடலோரம் ஒரு கல்யாண மண்டபம், செங்கல்பட்டில் ஒரு புக்கிங் ஆபீஸ். இரண்டையும் கம்ப்யூட்டரில் இணைக்க 2002-ல் அவருக்கு ஆசை வந்தது. ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று உடனே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்காக இரண்டு சர்வர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி. இதற்குப் பெயர் கிளஸ்டர். அதை மண்டபத்தில் போட்டுக் கொடுக்கப் போனவள் நான், பிரதீபா. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. முதல் பதிவு அவர் மகள் துர்காதேவியின் கல்யாணம். தை மாதத்தில் ஒரே ஒரு தேதிக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்திருந்தார்கள். அது தவறினால் சம்பந்தமே கைவிட்டுப் போய்விடும் என்று அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

விழா அன்று காலையிலும் பழைய பதிவுகள் மெதுவாக டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா, ஆமை மாரி போய்கினு கீது? ராகுகாலம் வந்துடப் போவுது!" என்றார் பக்தவத்சலம்.

"டிஸ்க்ல எழுதறதுக்கு சர்வருக்குள்ள இருக்கற கன்ட்ரோலர் கார்டுல ரைட் கேச்சை அணைச்சு வெச்சிருக்கேன் சார். அதான்."

"போட்டா இன்னா ஆவும்?"

"வேகமாப் போகும். ஆனா டிஸ்க்ல எழுதறதுக்கு முன்னாடியே 'எழுதிட்டேன்'னு கார்டு சொல்லிடும். அந்த நேரம் பார்த்து சர்வர் செத்தா, தகவல் அந்தக் கார்டுக்குள்ளயே மாட்டிக்கும். பக்கத்து சர்வருக்கு ஒண்ணுமே தெரியாது."

இத்தனையும் சொன்னேன். 'வேகமாப் போகும்' என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. நான் காபி குடிக்கப் போன கேப்பில் மேனேஜர் ஜெபகுமாரிடம் சொல்லிக் கேச்சைப் போடவைத்துவிட்டார்.

திரும்பி வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. மகளின் கல்யாணத்தைப் பதிந்த கையோடு, விருந்தாளிகளுக்கு வித்தை காட்ட முதல் சர்வரின் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கத்துவதற்குள் பிடுங்கிவிட்டார். அடுத்த சர்வர் சமர்த்தாக எழுந்தது. கைதட்டல்!

திரையைப் பார்த்தேன். தை மாதத்து அந்தத் தேதி காலி. மறுபடி பதியலாம் என்று கீபோர்டில் கை வைப்பதற்குள், செங்கல்பட்டு ஆபீஸிலிருந்து அதே தேதியில் ஒரு பெயர் ஏறியது: ராஜாராம்.

பக்தவத்சலத்தின் முகம் செத்துவிட்டது. ராஜாராம் அவருடைய சொந்த அண்ணன். சொந்த ஊரான படாளத்தில் ஒரு கிணற்றுத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகிறது. தம்பி செங்கல்பட்டு ஆபீஸில் உட்காருவதில்லை என்று தெரிந்துகொண்டு, மகன் கல்யாணத்துக்கு அங்கே போய்ப் பதிந்திருக்கிறார். ரசீதும் கொடுத்தாகிவிட்டது.

துர்காதேவி அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஜெபகுமாரை அந்தப் பிளக்காலேயே அடித்திருப்பேன்.

வேறு வழியில்லை. பக்தவத்சலம் செங்கல்பட்டு ஆபீஸுக்குப் போன் போட்டு அண்ணனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணாத்த... அந்தத் தேதி நம்ம துர்காவுக்கு..."

"துர்காவுக்குக் கல்யாணமா? எனக்கு ஒருத்தனும் சொல்லலியே நைனா" என்று உடைந்த குரல் வந்தது. "மண்டபத்த நீயே எடுத்துக்க. எம்புள்ளைக்கு அடுத்த முகூர்த்தம் பாத்துக்கறேன். பத்திரிகைல எம்பேரப் போடுவியா?"

"மொத பேரே உன்னுதுதான்" என்று சொல்லிவிட்டுப் பக்தவத்சலம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேச்சை அணைக்கக் கன்ட்ரோலர் மெனுவைத் திறந்தேன். பக்தவத்சலம் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அத்த மட்டும் தொடாதம்மா! ராசியான கேச்சு!"