பெட்டிக்குள் வானிலை

ஆபீஸ் கணினியில் நான் சேர்த்துவைக்கும் இணையப் பக்கங்களின் புக்மார்க்குகளைச் சாயங்காலம் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் சவரிமுத்து. எங்கள் தெருவில் எல்லா வீடுகளுக்கும் அவர்தான். சைக்கிளில் வருவார், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார், புக்மார்க்குகளை ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார். வைக்கும்போது படித்தும் பார்ப்பார்.

எனக்கு முக்கியமானது ஒன்றுதான். என் கணவர் வேலைக்குப் போயிருக்கும் வெளிநாட்டு ஊரின் வானிலைப் பக்கம். ஞாயிறுதோறும் போன் செய்தவர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வானிலைதான்.

“இன்னைக்கு அங்க பனி, அக்கா,” என்பார் சவரிமுத்து. “சார் வெளிய போயிருக்க மாட்டாரு.”

அதைக் கேட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

ஒருநாள் கீழ்வீட்டு ஜோதிமணி அக்கா மாடிப்படியில் நிறுத்தி, “உன் வீட்டுக்காரர் பேசறதே இல்லையாமே? தினமும் அவரு ஊரு வெயிலையும் பனியையும்தான் பாத்துட்டிருக்கியாம்?” என்றார். சவரிமுத்துதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மானம் போய்விட்டது. மறுநாளே புக்மார்க் கொண்டுவரும் வேலைக்கு வேறு நிறுவனத்தை வைத்துக்கொண்டேன். சவரிமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. படித்ததையெல்லாம் என் எதிரிலேயே மறந்தார். மறந்து முடித்ததும், நான் யாரென்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

புது ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். என் புக்மார்க்குகளை உள்ளே வைத்துப் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சாவி?” என்றேன்.

“உங்ககிட்டதான் இருக்கு மேடம். எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. அவ்வளவு பாதுகாப்பு.”

“என் வீட்டுக்காரர் இருக்கற அந்த ஊர் பேரையாவது சொல்லுங்களேன். இதுக்குள்ள போனதிலேருந்து எனக்கு ஞாபகமே வரல.”

“அது உங்க சொந்த விஷயம் மேடம். நாங்க கேக்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் போனபின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கணவரைப் பார்க்க மனசு அப்படி ஏங்கியது. பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது.

காலையிலும் மழை விடவில்லை. அவருக்கு லேசாக நனைந்தாலே சளி பிடித்துவிடும். என் குடையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

திரும்பி வந்தபோது குடையைக் காணோம். பெட்டி பூட்டியபடியே இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். மழை நிற்கவில்லை. இப்போது அது விரித்த துணியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.