சகலையின் அளவு

அன்று காலை தையற்கடையில் வெட்டிய கோட்டு ஒன்றின் இடது கை வலது கையைவிடக் குட்டையாகப் போனதற்குக் கத்திரியைக் குறை சொல்ல முடியாது. முழுப் பழியும் சகலையைத்தான் சேரும். தையற்காரர் சுண்ணக்கட்டியால் கோடிழுத்துக் கத்திரியை ஓட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஹார்ன் அலறியது. நிமிர்ந்தார். கண்ணாடிக் கதவை முழுசாக மறைத்துக்கொண்டு, கறுப்பாக, உயரமாக, பளபளவென்று ஒரு கார் நின்றது. அதிலிருந்து குதித்து இறங்கினார் டைல்ஸ் கடைக்காரர். தையற்காரரின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர்.

"சகலை! எப்படி இருக்கு நம்ம வண்டி?"

"நல்லா இருக்கு சகலை. ரொம்ப நல்லா இருக்கு," என்றார் தையற்காரர். முகம் சிரித்தது. வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

பொறாமைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முகம் தெரியாத பணக்காரர் கப்பலே வாங்கினாலும் நமக்கு வலிக்காது. ஒரே வீட்டில் பெண் எடுத்து, மாமனார் வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டால் போதும், சோறு இறங்காது.

இத்தனைக்கும் தையற்காரரும் கார் வாங்கத்தான் இருந்தார். அவரும் மனைவியும் போன வாரமே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். சாம்பல் நிறத்தில், அடக்கமான வண்டி. முன்னால், பக்கவாட்டில் என்று எல்லாப் பக்கமும், மோதினால் விரிந்து காக்கும் காற்றுப்பை. பின்னால் உட்காரும் மூன்று பேருக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட். சின்ன மகளுக்கான தனி இருக்கையைப் பூட்டி வைக்க இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, படி தாழ்வாக இருந்தது. தையற்காரரின் அக்காவுக்கு ஒரு முழங்கால் மடங்காது. தம்பி வீட்டோடு இருந்து, கடைக்கு வரும் உடுப்புகளுக்கெல்லாம் கொக்கியும் பொத்தானும் தைத்துக் கொடுப்பவர் அவர். பஸ்ஸில் ஏற முடியாததால் வெளியுலகத்தையே மறந்துபோயிருந்தார். கார் வாங்குவதே முக்கியமாக அவருக்காகத்தான்.

அந்தச் சாம்பல் கார் இப்போது தையற்காரரின் கண்ணுக்குத் தீப்பெட்டியாகத் தெரிந்தது.

அடுத்த நாள் சாயங்காலம், தைத்து முடித்த ரவிக்கைகளைக் கொடுக்கும் சாக்கில் சகலை வீட்டுக்குப் போனார். வாசலில் யாருமில்லை. கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பை உருவினார். முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை, தரையிலிருந்து கூரைவரை, காரைச் சுற்றிச் சுற்றி அளந்தார். இதைவிட ஒரு சாணாவது நீளமாக வாங்கினால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. டயருக்குப் பக்கத்தில் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து மைத்துனியின் குரல் கேட்டது.

"மாமா! என்ன பண்றீங்க? காருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

திருடன் மாதிரி விழித்தவர், வாயில் வந்ததைச் சொன்னார். "அது... ஆமாம்மா. புது வண்டி, வெயில்ல நிக்குதே. ஒரு உறை தைச்சுத் தரலாம்னு..."

மைத்துனி உருகிப்போனாள். "பாருங்களேன்! எங்க மாமாவுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்று உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள்.

வாய் தவறிச் சொன்னதற்குத் தண்டனை கைக்குக் கிடைத்தது. சொன்ன சொல்லுக்காகத் தார்ப்பாய்த் துணியை வாங்கி, கடை முழுக்கப் பரப்பி, ஊசி ஊசியாக உடைத்துக்கொண்டு, எந்தக் காரை நினைத்து வயிறெரிந்தாரோ அந்தக் காருக்கே அவர் உடுப்பு தைத்தார். மெஷினை மிதிக்க மிதிக்க எரிச்சல் ஏறியது.

"தம்பி, இவ்வளவு துணியா? இது வண்டியா, வீடா?" என்று கேட்டார் அக்கா.

"நம்ம வண்டி இதைவிடப் பெருசா வரும் பாரு," என்று உறுமினார் அவர்.

அப்படி ஒன்று வேறொரு ஷோரூமில் கிடைக்கவும் செய்தது. சகலையின் காரைவிட நீளம், உயரம், முகப்பில் வெள்ளி மினுமினுப்பு. ஆனால் கையில் இருந்த பணத்துக்கு அதன் அடிமட்ட ரகம்தான் கட்டுப்படியாகும். காற்றுப்பை முன்னால் இரண்டே இரண்டு. பின்னிருக்கையின் நடுவில் வெறும் இடுப்பு பெல்ட்.

"குழந்தை இருக்கையை எங்க மாட்டுறது?" என்று மனைவி கேட்டாள்.

"இந்த ரகத்துல அந்தக் கொக்கி வராது மேடம். ஆனா சக்கரத்தைப் பாருங்க, என்ன டிசைன்!" என்று விற்பனைக்காரர் பேச்சை மாற்றினார். பிறகு தையற்காரரின் காதருகில் குனிந்து, "காற்றுப்பை யார் கண்ணுக்கு சார் தெரியப் போகுது? ரோட்ல தெரியறது வண்டிதான்," என்றார்.

கோட்டுக்கு உள்துணி மட்டமாக இருந்தால் ஆறு மாதத்தில் தோள் தொங்கிவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் வாதாடுகிற மனிதர், இந்தப் பேச்சுக்குத் தலையாட்டினார். பொறாமை வந்துவிட்டால் தெரிந்த தொழிலும் மறந்துபோகும்.

விற்பனைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ள, ஓட்டிப் பார்க்கக் குடும்பமே ஏறியது. ஏறியது என்றா சொன்னேன்? அக்கா படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலைத் தூக்கிப் பார்த்தார், எட்டவில்லை. தம்பி இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தபோது, சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வண்டி அழகா இருக்குடா. நீங்க போய்ட்டு வாங்க. இனிமே நான் வீட்லயே இருந்துக்கறேன். பழகிடுச்சு."

அது தையற்காரரின் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. பெரிய மகளும் அக்காவும் ஜன்னலோரம், சின்னவள் நடுவில், வெறும் இடுப்பு பெல்ட்டோடு. "பக்கத்துத் தெருவைச் சுத்திட்டு வரத்தானே," என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பக்கத்துத் தெருவுக்கும் போகவில்லை. நேரே டைல்ஸ் கடை இருக்கும் தெருவுக்கு விட்டார்.

சகலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடை முன்னால் ஹார்னை அழுத்தினார். கடையின் பெரிய கண்ணாடியில் தன் வண்டியும், அதற்குள் தானும் போவது தெரிந்தது. கம்பீரமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே போனவர், சந்திலிருந்து வந்த தள்ளுவண்டியைப் பார்க்கவில்லை.

"என்னங்க!"

மனைவியின் அலறலில் பிரேக்கை மிதித்தார். தள்ளுவண்டி தப்பியது. ஆனால் நடுவில் இருந்த சின்னவள் இடுப்பில் மடிந்து, முகம் முன்னிருக்கைகளுக்கு இடையில் இருந்த பெட்டியில் போய் மோதியது. ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம் வீறிட்டாள். வாயெல்லாம் ரத்தம்.

தையற்காரர் தன் பெல்ட்டைக் கழற்றுவதற்குள், கடையிலிருந்து ஓடி வந்து கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கியது சகலைதான். தன் சட்டையெல்லாம் ரத்தமாக, பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினார். உதடு கிழிந்திருந்தது. தையல் போட்டார்கள். பல் தப்பியது, கண் தப்பியது.

மருத்துவமனை நடையில் சகலைதான் முதலில் பேசினார்.

"அந்த வண்டி எதுக்கு சகலை உங்களுக்கு? நான் டைல்ஸ் பாரம் ஏத்தணும்னு பெருசா எடுத்தேன். உங்களுக்கு என்ன பாரம்?"

"என் பாரம் நீங்கதான் சகலை," என்றார் தையற்காரர். "உங்க வண்டியைப் பார்த்ததிலேர்ந்து என் வயிறு எரியுது. உறை தைக்க அளவெடுக்கல நான். உங்களைவிடப் பெருசா வாங்கத்தான் அளந்தேன்."

டைல்ஸ் கடைக்காரர் அவர் தோளில் கை வைத்தார். பேசியது மனைவி. தூங்கிப்போன பிள்ளையை மடியில் கிடத்தியபடி, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"யாராவது கடைக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் அளவுக்கு எனக்குச் சட்டை தைச்சுக் குடுங்கன்னு கேட்டா சிரிப்பீங்கல்ல? நீங்க அதைத்தாங்க பண்ணீங்க. உள்ள உட்காரப் போறது நாம அஞ்சு பேரு. வெளிய நின்னு பாக்கறவங்க அளவுக்கு வண்டி தேடுனா, அடிபடறது உள்ள இருக்கறவங்கதான்."

தையற்காரர் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் மண்டியிட்டார்.

"அக்கா, காலைத் தூக்கு. வலிக்காம எவ்வளவு தூக்க முடியுமோ, அவ்வளவு தூக்கினா போதும்."

தரையிலிருந்து அக்காவின் பாதம்வரை அளந்தார். கண்ணீரில் டேப் நனைந்தது. அக்கா தம்பியின் தலையில் கை வைத்து, "இப்பதான்டா சரியா அளக்குற," என்றார்.

பெரிய வண்டி ஷோரூமுக்கே திரும்பிப் போனது, சாம்பல் கார் வீட்டுக்கு வந்தது. அக்கா யாரும் தூக்காமல் தானே ஏறி உட்கார்ந்து, தானே பெல்ட்டை மாட்டி, தானே கதவைச் சாத்தினார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டெய்லர், உங்க சகலை வண்டிக்குப் பக்கத்துல ரொம்பச் சின்னதா இருக்கே?" என்று கேட்டார்.

தையற்காரரின் வயிற்றில் பழைய எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது. பின்னால் திரும்பினார். தனி இருக்கையில், தோளில் பெல்ட்டோடு, உதட்டுத் தழும்பு தெரிய சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது சகலையோட அளவுங்க," என்றார் அவர். "இது எங்க அளவு."