பத்துக்கு எட்டில் குரு

பொற்கொடி தரையில் விரித்திருந்த ஃப்ளெக்ஸின் ஓரத்தை மடித்து, கயிறு கட்டுவதற்கு அடிக்கு ஒன்றாக ஐலெட் வளையம் அடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வீட்டுச் சீர் போர்டு. சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலும் அவள் காது மேசைப் பக்கமே இருந்தது. அங்கே கிருபாசங்கர் மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டரில் குரு கிரகத்தைச் செய்துகொண்டிருந்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே இருக்கிறது சரவணனின் ஃப்ளெக்ஸ் கடை. பழைய டிசைனர் டவுனில் வேலை கிடைத்துப் போய்ப் பத்து நாளாகிறது. அவருடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்த கிருபாசங்கர் சரவணனின் அக்கா மகன். காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் முடித்துவிட்டு, வீட்டில் சும்மா கிடப்பதற்கு இதையாவது செய்யட்டும் என்று அனுப்பப்பட்டவன். நல்ல பையன்தான். மாப்பிள்ளை முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்னால் சுண்ணாம்படித்த சுவர் அளவுக்குக் கொண்டுபோய் விடுவான், அவ்வளவுதான்.

குருப்பெயர்ச்சி பூஜைக்காகக் கோயில் கமிட்டி சுப்பண்ணன் கொடுத்த ஆர்டர் அது. பத்தடிக்கு எட்டடி. நடுவில் குரு கிரகம் தகதகவென்று ஜொலிக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, போர்டில் எங்கேயும் கருப்பு வரக்கூடாது. நல்ல காரியத்துக்குக் கருப்பு ஆகாது, குருவுக்கு உகந்தது மஞ்சள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிருபாசங்கர் மஞ்சள் பின்னணியில் மஞ்சள் உருண்டையை வைத்திருந்தான்.

"லட்டு மாதிரி இருக்குதுடா," என்றார் சரவணன். "இதக் கும்புடறதா, பிட்டுத் திங்கறதா?"

"கருப்பு இல்லாம ஜொலிக்கற க்ளோ வராதுங்க மாமா. எந்த வீடியோவுலயும் கருப்புலதான் செய்யறாங்க."

"பதினோரு மணிக்கு அவரு வந்து நிப்பாரு. வீடியோவையா காட்டறது?"

பொற்கொடி சுத்தியலைக் கீழே வைத்தாள். "அண்ணா, நான் செய்யட்டுங்களா?"

நாலு வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூலையிலிருக்கும் பழைய சிஸ்டத்தில் அவள் போட்டோஷாப் பழகுவது சரவணனுக்குத் தெரியும். முந்தைய டிசைனர் பாதியில் விட்டுப்போகிற வேலைகளை அவள் முடித்துவைத்ததும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

"பார்ட்டி ஓகே சொல்லிப்போட்டாருன்னா அந்தச் சேரு எனக்குங்களா?" என்று அவளே கேட்டாள்.

சரவணன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதேகால். "சொல்லட்டும் அம்மணி. நாளையிலிருந்து நீதான் டிசைனரு. கிருபா பில்லு போடட்டும்."

கிருபாசங்கர் தப்பித்தோம் என்று எழுந்துகொண்டான். பொற்கொடிக்கு அந்த நாற்காலி வேண்டும். குத்தவைத்துக் குத்தவைத்து வலிக்கிற முழங்காலுக்காக மட்டுமில்லை. தான் செய்கிற வேலையைத் தான் செய்ததாக நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவளுக்கு ரொம்ப நாளாக உண்டு.

அவள் நேராக நாற்காலிக்குப் போகவில்லை. கடைக்குப் பின்னால் போர்டுக்குச் சட்டம் அடிப்பதற்காகச் சாத்தியிருந்த பலகைகளைப் புரட்டிப் பார்த்து, வரிவரியாக ரேகை ஓடிய ஒன்றைப் போனில் படமெடுத்தாள். ஓரத்தில் ஒரு கணு இருந்தது. அதையும் சேர்த்தே எடுத்தாள்.

பலகைப் படத்தை வட்டமாக வெட்டி, தட்டையானதை உப்பவைக்கும் ஃபில்டரைக் கொடுத்ததும் மரத்தின் ரேகைகள் குரு கிரகத்தின் பட்டைகளாக வளைந்தன. கணு இருந்த இடத்தில் சிவப்பை ஏற்றினாள். பின்னணிக்கு அரக்கு. கிரகத்தை ஒட்டி அடர்த்தியாக ஆரம்பித்து, வெளியே போகப் போகக் குங்குமமாகி, ஓரத்தில் மஞ்சளில் கரைந்தது. கருப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனால் இருட்டு இருந்தது.

"அக்கா, க்ளோவுக்கு வெள்ளக் கலரு போடலீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டான் கிருபாசங்கர்.

"இந்த மிஷினுல வெள்ள மை ஏதுங்க தம்பி? ஃப்ளெக்ஸே வெள்ளைதான். எங்க வெளிச்சம் வேணுமோ அங்க மை விழாமப் பாத்துக்கோணும்."

நாலு வருடமாக மெஷினிலிருந்து வந்து விழும் ஃப்ளெக்ஸை ஈரத்தோடு ஏந்தியவள் அவள். சிஸ்டத்தில் பளபளப்பது அச்சில் எப்படி அழுக்காகும் என்பது அவளுக்கு அத்துப்படி. கிரகத்தின் ஒரு விளிம்பில் மட்டும் பிறைபோல மையை வடித்துவிட்டு, அதிலிருந்து இளமஞ்சளை வெளியே கசியவிட்டாள். பத்தரைக்கு மூன்றடியில் ஒரு சாம்பிள் எடுத்துச் சுவரில் ஒட்டியபோது சரவணன் வாய்விட்டு, "அம்மணி!" என்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாசலில் சுப்பண்ணனின் கார் வந்து நின்றது.

"அம்மணி, ஒரு நிமிசம் எந்திரிச்சுக்கோ," என்றார் சரவணன்.

வருகிறவர் உட்காரத்தான் என்று நினைத்துப் பொற்கொடி எழுந்தாள். சரவணன் அந்த நாற்காலியில் கிருபாசங்கரை உட்காரவைத்தார்.

சுப்பண்ணன் சுவரைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். "அட, இதல்லோ குரு! ஆரு சரவணா செஞ்சது?"

"நம்ம அக்கா பையனுங்ண்ணா. காலேஜுல இதத்தான் படிச்சான்."

"பலே. இதென்ன கண்ணு, செவப்பா ஒரு திட்டு?"

கிருபாசங்கர் மாமாவைப் பார்த்தான். மாமா சுவரைப் பார்த்தார்.

"அது புயலுங்க," என்றாள் பொற்கொடி. "குருவுல இருக்குதுங்க. நம்ம பூமியே அதுக்குள்ள அடங்கிப்போகுமுங்க."

சுப்பண்ணன் திரும்பினார். "நீ காலனி ஐயாசாமி புள்ளயல்ல? உங்கொப்பன் நம்ம தோட்டத்துலதான கெடந்தான். இங்க கூட்டித் தொடைக்கறயா?"

"இல்லீங்க. அந்தக் குருவச் செஞ்சது நாந்தானுங்க."

சுப்பண்ணன் சாம்பிளைத் தொடப்போன கையைக் கீழே இறக்கிக்கொண்டார். "சரவணா," என்றார், "இது கோயில் போர்டு."

"கூடமாட ஒத்தாசை பண்ணுச்சுங்ண்ணா," என்றார் சரவணன் அவசரமாக. "கை வெச்சதெல்லாம் கிருபாதானுங்க."

"அதான பாத்தேன்." சுப்பண்ணன் முகம் தெளிந்தது. "அப்ப அடிச்சுரு. மிச்சம் எட்டு கிரகத்தையும் இவனையே செய்யச் சொல்லு, சுத்துச் சுவருக்கு வேணும்."

பொற்கொடி கிருபாசங்கரைப் பார்த்தாள். அவன் மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கமிட்டி குரூப்புல போடோணும். வா கண்ணு, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்," என்று சுப்பண்ணன் அவனை எழுப்பிச் சுவரோரம் கூட்டிப்போனார். சரவணன் தன் போனைப் பொற்கொடியின் கையில் கொடுத்தார். "உனக்குத்தான் ஆங்கிள் தெரியும், ஒண்ணு எடு அம்மணி." பிறகு குரலைத் தாழ்த்தி, "சேரு விசயம் அப்பறம் பேசிக்கலாம்," என்றார்.

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். சுப்பண்ணனின் தோள் கிரகத்தில் பாதியை மறைத்தது.

"ஏனுங்க, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி நில்லுங்க," என்றாள் பொற்கொடி. "என்னோட குரு மறையுதுங்க."

இருவரும் சொன்னபடி தள்ளி நின்றார்கள். கிருபாசங்கரின் கையைப் பிடித்து, அவன் கிரகத்தைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி வைத்துவிட்டுச் சுப்பண்ணன் சிரித்தார். அவள் படமெடுத்தாள்.