வெள்ளிக்கிழமைக் கம்பிகள்

அலுவலகத்தில் அவளைத் 'தலைப்பு மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் ஆளுக்கொரு விதமாக அனுப்பும் அட்டவணைகளை, செயற்கை நுண்ணறிவு படித்துக் கற்றுக்கொள்ளும்படி ஒரே அட்டவணையாக ஆக்குவது அவள் வேலை. ஒருவர் கடினத்தை ஓர் அளவில் எழுதுவார், அடுத்தவர் வேறோர் அளவில். இன்னொரு புண்ணியவான் வெப்பநிலைக்கு நேரே 'வழக்கம்போல' என்று எழுதி வைப்பார். யாருடைய வழக்கம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி தலைப்புகளுக்குக் கீழே கொண்டுவருவாள்.

அன்று கணினி தன் முதல் கணிப்பைச் சொன்னது. முறிந்த எலும்புக்குள் வைக்கிற உலோகக் கலவைகளில் எது நீண்ட காலம் தாங்கும், எது சீக்கிரம் முறியும் என்ற கணிப்பு. கடைசி இடத்தில் இருந்த கலவையின் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். அதே பெயரை மருத்துவமனையில் கொடுத்த அட்டையில் பார்த்திருக்கிறாள். அவள் அப்பாவின் தொடைக்குள் இருக்கும் கம்பி அது.

அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, கம்பி வைத்து, எழுந்து நடந்து, மறுபடி சைக்கிள் மிதிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறி ரேடியோ கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"இனிமே மாடிப்படி ஏறக்கூடாதுப்பா. சைக்கிளையும் தொடக்கூடாது."

"ஏம்மா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னா கேளுங்களேன்."

உறுதியாகத் தெரியாமல் அவரை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தாள். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற மனிதர், அன்று அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சைக்கிளைப் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாகச் சொன்ன பேச்சைக் கேட்டாரே என்று இவளுக்கு நிம்மதி. படித்த பெண்தான், ஆனால் இந்த விஷயத்தில் அசடு.

கணிப்பு சரிதானா என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கலவையின் சோதனைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கம்பியை ஓர் இயந்திரத்தில் பூட்டி, காலடி வைக்கும்போது விழுகிற பாரத்தைப் போலத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். எத்தனையாவது அழுத்தத்தில் முறிகிறதோ அந்த எண்ணைக் குறிப்பார்கள். இந்தக் கலவையை ஒரே ஓர் ஆய்வுக்கூடம்தான் சோதித்திருந்தது. எண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மற்ற உலோகங்களில் ஒரு கம்பி முன்னே முறியும், ஒன்று பின்னே முறியும். இதில் மட்டும் அத்தனை கம்பிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகச் செத்திருந்தன.

நகரின் மறுகோடியில் இருந்த அந்தக் கூடத்துக்கு நேரே போய்விட்டாள். சோதனைப் பிரிவின் தலைவர் பெரிய தொந்தியும் பெரிய சிரிப்புமாக வரவேற்றார்.

"முறிஞ்ச துண்டுகளைப் பாக்கணும் சார்."

"எந்தத் துண்டு?" அவர் இழுப்பறையைத் திறந்தார். பஞ்சு வைத்த பெட்டிக்குள் கம்பிகள் முழுசு முழுசாகப் படுத்திருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"இது எதுவும் முறியலையே மேடம். திங்கக்கிழமை பூட்டுவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினை அடுத்த குழுவுக்கு விட்டுக் குடுக்கணும். அதனால கழட்டிடுவோம். அதுவரைக்கும் எத்தனை தடவை அழுத்தினோமோ, அதைப் போட்டிருக்கோம்."

அவர்கள் வைத்த தலைப்பு 'மொத்த அழுத்தங்கள்'. அதைத் தன் கையாலேயே 'முறியும் வரை அழுத்தங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே சேர்த்தவள் இவள்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்ற ஆசை. வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் அதைவிடப் பெரிதாகச் சிரிப்பு வந்தது. அந்த அறையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். தலைவர் பாவம், தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, அட்டவணையில் 'முறிந்ததா, இல்லையா' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தாள். கணினியை மறுபடி கற்கவிட்டாள். கடைசியில் கிடந்த கலவை மேல்வரிசைக்கு ஏறியது. தன் பிள்ளை பரீட்சையில் தேறியது போல அவள் மேசையைத் தட்டினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினாள். "அப்பா, மாடிக்குப் போகலாம்! அந்தக் கம்பிக்கு ஒண்ணும் ஆகாது. நான்தான் கணக்கைத் தப்பா சேர்த்துட்டேன்."

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "கம்பியா? கம்பிக்காகவா ஏறக்கூடாதுன்னே?"

"ஆமாப்பா. வேற எதுக்கு?"

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஏதோ பெரிய வியாதி, டாக்டர் உன்கிட்ட மட்டும் சொல்லியிருக்காருன்னு நெனச்சேன்ம்மா. நீ அழுவியேன்னு கேக்கல."

அவள் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில், அவராக ஒன்றை நிரப்பிக்கொண்டு இத்தனை நாள் சாவுக்குத் தயாராகியிருக்கிறார். அவள் தரையில் உட்கார்ந்தாள். அவர் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"எழுந்திரு, எழுந்திரு. தையல்காரர் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்குள்ள போய் வாங்கணும்."