ஆடாமல் எடுத்த கோப்பை

பாம்பன் பாக்கருக்கு ஒரு வருஷமாகச் சோறு இறங்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே சாப்பிட்டான். ஆனால் ஒவ்வொரு கவளத்தோடும் கீழக்கரை ஹமீது சுல்தானையும் சேர்த்து மென்றான்.

பாக்கர் தண்டல், தோணியை நடத்துகிறவன். பாய்மரத் தோணியில் ஏறிவிட்டால் அவன் வைத்ததுதான் சட்டம்; சரக்குக்காரனே ஆனாலும் அவன் உட்காரச் சொன்ன இடத்தில்தான் உட்கார வேண்டும். தம்பி அப்துல் அஜீஸ் பாம்பன் பந்தாட்டக் குழுவுக்குத் தலைவன். ஆட்களைச் சேர்ப்பதும், எங்கே ஆட்டமானாலும் தன் வள்ளத்தில் ஏற்றிப் போவதும் பாக்கர் வேலை.

போன வருஷம், 1949-இல், இறுதி ஆட்டம் கீழக்கரைக் கடற்கரையில். சங்கு வியாபாரி ஹமீது சுல்தான், இறந்துபோன தன் வாப்பா பெயரில் வைத்திருந்த வெள்ளிக் கோப்பைக்கான ஆட்டம். விடியுமுன்பே வள்ளத்தை எடுத்தும், நடுப்பகலில் காற்று செத்துப்போனது. பாய் தொங்கிவிட்டது. உள்ளங்கை தோல் உரியத் துடுப்புப் போட்டு வந்தார்கள். கரையிலிருந்த கூட்டம் முழுக்க அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஹமீது சுல்தான் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் தொடங்க வேண்டிய நாலரை ஆயிற்று. விதிப்படி கால் மணி நேரம் கூடக் கொடுத்தார். நாலே முக்காலுக்கு விசில் ஊதி, தன் கீழக்கரைக் குழுவை ஆளில்லாத கோலுக்குள் பந்தைத் தட்டிவிடச் சொன்னார். வாக்கோவர், ஆடாமலே வெற்றி.

பாக்கரும் ஆட்களும் ஈரக் கைலியோடு கரையேறி ஓடி வந்தபோது கோப்பை கைமாறிக்கொண்டிருந்தது. அப்போது ஹமீது சுல்தான் ஒரு வார்த்தை சொன்னார். அவர் சிரிக்காமல் சொல்லியிருந்தாலாவது பொறுத்திருக்கலாம்.

"கடல் தெரிஞ்சவன்னு பேரு. காத்துத் தெரியலையேப்பா ஒனக்கு!"

அவ்வளவுதான். கூட்டம் சிரித்தது. மறுநாளே 'காத்தறியாத் தண்டல்' என்று பெயர் வந்துவிட்டது. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னாலேயே போய் இறங்கியது. சரக்கு ஏற்ற வந்தவர்கள்கூட, "காத்து எப்படி இருக்கும் தண்டல்?" என்று கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்டலுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. அந்தப் பெயரைச் சொன்ன வாயாலேயே விழுங்க வைப்பேன் என்று பாக்கர் அன்றைக்கே நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டான்.

இந்த வருஷம் மே மாதம் கருவாடு இறக்கக் கீழக்கரைக்குப் போனவன், வீரையா டீக்கடையில் ஒதுங்கினான். பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி நடுவில் ஹமீது சுல்தான். சுற்றிலும் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஆறு பேர்.

"நம்ம இந்தியா பிரேசிலுக்குப் போகுதுப்பா. ஒலகக் கோப்பை. தகுதி வாங்கியாச்சு!"

"யார ஜெயிச்சு, மொதலாளி?" என்றார் வீரையா.

"யாரையும் ஜெயிக்க வேண்டியதில்ல. நம்ம கூட ஆட வேண்டிய நாடெல்லாம் வெலகிருச்சு. சாக்கர்ல அதுக்கும் சட்டம் இருக்கு."

"சாக்கரா? புட்பால்னுல சொல்லுவாக?"

"கொழும்புல பெரிய கிளப்புலெல்லாம் சாக்கர்ம்பான். புட்பால்ங்கிறது பட்டிக்காட்டுப் பேரு."

ஒருவன் பள்ளிக்கூடத்தில் கால்பந்து என்று எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான். கொழும்பில் கடை வைத்திருந்த இன்னொருவன், அங்கே தமிழ் ஆட்கள் உதைபந்து என்பார்கள், சாக்கர் என்று ஒருத்தன் சொல்லியும் கேட்டதில்லை என்றான். ஹமீது சுல்தான் அவனை முறைத்தார். "பேரு வச்சு முடிங்க. அதுக்குள்ள டீ ஆறிரும்," என்றார் வீரையா.

பாக்கர் மூலையிலிருந்து வாயைத் திறந்தான். "எங்க ஊர்ல பந்தடின்னு சொன்னாத்தான் ஆளு வருவான். பேரு என்னவோ இருக்கட்டும் மொதலாளி. ஆடாம எப்படித் தகுதி? ஆடி ஜெயிச்சாத்தான ஜெயிச்சது?"

ஹமீது சுல்தான் பத்திரிகையை மடித்தார். "அடடே, காத்தறியாத் தண்டலா! வராதவன் தோத்தவன். வந்து நிக்கிறவன் ஜெயிச்சவன். இத ஒனக்கு ஒரு தடவ படிச்சுக் குடுத்தேனே, மறந்துபோச்சா?"

கடை சிரித்தது. பாக்கரின் காது சூடாகிவிட்டது. ஆனால் அவன் வந்திருந்தது கோபப்பட அல்ல.

"மறக்கல மொதலாளி. இந்த வருஷம் ஆட்டம் எங்க ஊர்ல. ரயில்லதான வருவீக? அதுதான் நல்லது. கடல்ல வந்தா வெள்ளச் சட்டை நனஞ்சுரும்."

"யாருல ரயில்ல வாரது?" ஹமீது சுல்தான் எழுந்தேவிட்டார். "மூணு தலமொறையாக் கடல்ல சோறு திங்கிற குடும்பம்டா இது. என் பெரிய தோணியில வாரேன். பேண்டு வாத்தியத்தோட வாரேன். நாலே முக்காலுக்கு ஒரு நிமிஷம் பிந்துனா கோப்பைய நீயே வச்சுக்க!"

டீக்கடையில் பத்துப் பேர் கேட்டார்கள். பாக்கருக்கு அதுதான் வேண்டும். அவன் சலாம் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தான்.

அவன் சிரித்தது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எழும்பிவிட்டால் பாம்பனின் தென்கரையில் அலை தூக்கியடிக்கும். பெரிய தோணி எதுவும் அங்கே கரை சேராது. ரயில் பாலத்தைக் கடந்து வடக்குப் பக்கம் வந்துதான் நிற்க வேண்டும். உயர்ந்த பாய்மரம் பாலத்துக்கு அடியில் நுழையாது. பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கித் திறந்தால்தான் வழி. அது எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத் துறைமுகப் பலகையில் ஒரு வாரம் முன்பே சாக்கட்டியால் எழுதிவிடுவார்கள். தண்டல்கள் அந்தப் பலகையைப் பார்க்காமல் பாயை விரிப்பதில்லை. முதலாளிகள் அதை எட்டிப் பார்த்ததே இல்லை.

ஆட்டம் எந்த ஊரிலோ, நாள் குறிப்பது அந்த ஊர்க்காரர்கள்தான். பாக்கர் தினமும் பலகையைப் பார்த்தான். ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேராக 'மாலை ஆறு மணி' என்று எழுதியிருந்தது. ஆட்டம் அந்த வெள்ளிக்கிழமை நாலரைக்கு என்று அன்றைக்கே கீழக்கரைக்குக் கடிதம் போட்டான்.

இடையில் இன்னொரு செய்தி வந்தது. இந்தியா பிரேசிலுக்குப் போகவில்லையாம். தூரம் என்றார்கள், வெறுங்காலோடு ஆட விடமாட்டார்கள் என்றார்கள், ஆளுக்கொரு காரணம். அஜீஸ் ஒரு நாள் முழுக்கப் பந்தைத் தொடவில்லை. பாக்கருக்கும் வருத்தம்தான். ஆனாலும் ஹமீது சுல்தான் அந்தப் பத்திரிகையை எப்படி மடித்திருப்பார் என்று நினைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே தோணி வந்துவிட்டது. பாலத்துக்குத் தெற்கே, கொடியும் தோரணமுமாக. பேண்டுச் சத்தம் காற்றில் வந்தது. பிறகு பாலத்தருகே நங்கூரம் போட்டு நின்றது. பேண்டு நின்றது. மூன்றரை, நாலு. வடகரையில் ஆட்டத் திடலில் கூடியிருந்த சனம் முழுக்கப் பாலத்துக்கு மேலே தெரிந்த அந்தப் பாய்மர உச்சியையே பார்த்தது. தோணியோடு வரும் சின்னப் படகைக்கூட, இழுத்து வந்தால் அழகு கெடும் என்று ஹமீது சுல்தான் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

பாக்கர் இரவல் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தான். நாலரை. வாயில் விசில்.

நாலு நாற்பதுக்கு அஜீஸ் பக்கத்தில் வந்தான். அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான். "காக்கா, இன்னும் அஞ்சே நிமிஷம். ஊதிரு. போன வருஷம் அவரு பாத்த மாதிரியே நாமளும் பாத்துக்கிட்டு நிப்போம்."

எவ்வளவு ருசியான ஐந்து நிமிஷம்! பாக்கர் ஒரு வருஷமாகக் கனவு கண்டது இதைத்தான். ஆனால் அந்தப் பாய்மரத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வேறொன்று தெரிந்தது. விசில் ஊதினால் என்ன ஆகும்? ஹமீது சுல்தான் அப்படியே தோணியைத் திருப்புவார். நாளைக்கு வீரையா கடையில் உட்கார்ந்து, 'நாங்க ஆடவே இல்லையே, எங்க தோத்தோம்? ஆடாம ஜெயிக்கிறது ஜெயிப்பான்னு அவன்தானப்பா கேட்டான்' என்பார். கடை சிரிக்கும். தோணி பிந்தியது போதாது. அந்த ஆள் தோற்க வேண்டும். பந்து கோலுக்குள் போவதைக் கண்ணால் பார்த்துத் தோற்க வேண்டும்.

விசிலை மடியில் சொருகினான். "நாலு பேரு துடுப்பெடுங்கடா. வள்ளத்துப் பாய்மரத்தச் சாய்ங்க, பாலத்தடியில போகணும்."

"காக்கா, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? தோத்துப்போனா?"

"தோத்தா என் மூஞ்சியில முழிக்காத. போ, காலச் சூடுபண்ணு."

நீரோட்டத்தை எதிர்த்துப் பாலத்தடியில் நுழைந்து தோணியை அடைந்தார்கள். தோணித் தண்டல் நாகநாதன் பாக்கரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் காலையிலேயே சொன்னேம்ப்பா, ஆறு மணிக்குத்தான் தெறப்பாகன்னு. என் தோணிக்குத் தெறக்காமலான்னு மொதலாளி கேட்டாக," என்றார்.

ஹமீது சுல்தான் வெள்ளைச் சட்டையோடு விளிம்பில் நின்றார். பாக்கர் கையை நீட்டினான்.

"எறங்குங்க மொதலாளி. மீன் நாத்தம் இருக்கும், பாத்து உக்காருங்க. கடல் தெரிஞ்ச குடும்பம். பாலம் தெரியலையே!"

பதினோரு ஆட்டக்காரர்களும் அவரும் வள்ளத்தில் இறங்கினார்கள். பாலத்தடியில் போகும்போது எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். குனிய வேண்டிய உயரமே இல்லை. பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் குனிவார்கள். பாக்கர் நிமிர்ந்து நின்று அதைப் பார்த்தான்.

கரையில் இறங்கியதும் அவர்களுக்குப் பானகம் கொடுத்தான், கால் மணி நேரம் உட்காரச் சொன்னான். "பெறகு அலையில தல சுத்துச்சுன்னு சாக்குச் சொல்லப்படாது," என்றான்.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். முதல் பத்து நிமிஷத்தில் கீழக்கரை ஒரு கோல் போட்டுவிட்டது. பாம்பன் சனம் பாக்கரைத் திரும்பிப் பார்த்தது. கையில் கிடைத்ததைக் கடலில் போட்டவனைப் பார்க்கிற பார்வை. பேசாமல் ஊதியிருக்கலாமோ என்று இரண்டு தடவை நினைத்தான். இரண்டு தடவையும் தன்னையே வைதுகொண்டான். இடைவேளைக்குப் பிறகு அஜீஸ் ஒரு கோலைத் திருப்பிப் போட்டான். வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மணலில் பந்து ஓடாது என்று தெரிந்து, அதை உயரத் தூக்கி அடித்தான். சோழகம் அதைத் தள்ளிக்கொண்டு போய், கோல்காரன் தலைக்கு மேலே உள்ளே விட்டது. இரண்டுக்கு ஒன்று. பாங்கு ஒலித்தது.

ஹமீது சுல்தான் கோப்பையைக் கொடுத்தபோது பாக்கர் அவர் காதோடு சொன்னான்: "காத்து இன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு மொதலாளி. பிரேசிலுக்குப் போக இருந்தவக ஆடாம வந்தத வேணாம்னு விட்டாக. நீங்க போன வருஷம் வச்சுக்கிட்டீக."

அன்று ஹமீது சுல்தான் ரயிலில்தான் ஊர் திரும்பினார்.

இத்தோடு பாக்கர் விட்டிருப்பான் என்று நினைத்தால் உங்களுக்கு அவனைத் தெரியவில்லை. அடுத்த வாரம் கோப்பையைத் துணியில் சுற்றி ராமநாதபுரத்தில் பெயர் வெட்டுகிறவனிடம் கொண்டுபோனான். மேலே ஹமீது சுல்தானின் வாப்பா பெயர். அதற்குக் கீழே '1949 கீழக்கரை'.

"1950 பாம்பன்னு வெட்டணுமாக்கும்?"

"அது வேணாம். அத எல்லாரும் கண்ணால பாத்தாச்சு. இந்தக் கீழக்கரைக்குப் பக்கத்துல ஒரே வார்த்த வெட்டு. ஆடாமல்."

கோப்பை எந்த ஊரிலிருந்தாலும், வாப்பாவுக்காக ஓதும் கத்தம் நாளில் ஹமீது சுல்தான் வீட்டுக்கு வந்து சபை நடுவே இருக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. அந்த நாளில் பாக்கர் அதைத் துடைத்துப் பளபளவென்று தானே கொண்டுபோய், வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க அவர் கையில் கொடுத்தான். அவர் படித்தார். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஆலிம் கோப்பையை வாங்கி, மர்ஹூமான வாப்பாவின் பெயரைச் சத்தமாகப் படித்து, அப்படியே கீழே இருந்ததையும் படித்தார்.

ஹமீது சுல்தான் கோப்பையை வாங்கிச் சபை நடுவே வைத்தார். வைக்காமல் என்ன செய்வார்? மேலே இருப்பது அவருடைய வாப்பா பெயர். இனி வருஷா வருஷம் அந்த நாளில் அவரே வைத்தாக வேண்டும்.

"உக்காருங்க பாக்கர் தண்டல்," என்றார்.

பாக்கர் உட்கார்ந்தான். நெய்ச்சோறு வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டான்.