பாட்டில் யாருக்கும் பசிக்காது

“ஏட்டி, இத்தாலியில பசிக்குதுன்னு எப்படிச் சொல்லுவாக?” என்று மகாலட்சுமி ஒருநாள் மில் பஸ்ஸில் கேட்டாள்.

காளீஸ்வரி யோசித்துப் பார்த்தாள். ஒன்றரை வருடமாக இத்தாலிப் பாட்டு கேட்கிறாள். அழுகிறேன், காத்திருக்கிறேன், நீயில்லாமல் சாகிறேன், எல்லாம் தெரியும். அந்தப் பாட்டுகளில் ஒருவருக்கும் பசித்ததே இல்லை.

“பாட்டுல யாரும் சாப்பிட மாட்டாக,” என்றாள்.

“பொறவு எப்படிட்டி சாகாம இருக்காக?”

“சாகத்தான் செய்தாக. ரெண்டு பாட்டுக்கு ஒருத்தர்.”

எல்லாம் ஒரு பால்கோவாவால் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரோ பால்கோவா கிண்டுவதைப் படம் பிடித்து, பின்னணியில் ஒரு இத்தாலிப் பாட்டைப் போட்டிருந்தார்கள். போனில் அதைப் பார்த்தவள் பால்கோவாவை மறந்துபோனாள். அன்றிலிருந்து பாட்டும் கீழே ஓடும் அர்த்தமுமாகத் திரிந்தாள்.

அவளுக்கு வாயும் பேச்சும் ஆகாது. பத்தாம் வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்து நின்றபோது குரல் வரவில்லை. மணியடிக்கும்வரை அப்படியே நின்றாள். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாள் போவதற்கு அதைவிட வெட்கமாக இருந்தது. அப்படியே பள்ளிக்கூடம் முடிந்தது. சில வருடம் கழித்து ராஜபாளையம் மில்லில் நூல் சுற்றும் மிஷினில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் அவளுக்குக் குரல் வந்தது. மிஷின் இரைச்சலில் அவரவர் பேசுவதே அவரவர்க்குக் கேட்காது. முகத்தில் துணி வேறு. யாருக்கும் தெரியாமல் ஷிப்ட் முழுக்க இத்தாலியில் கத்திப் பாடினாள். பக்கத்து மிஷினில் நின்ற மகாலட்சுமிதான் முகத்துணி உப்பி உப்பி அடங்குவதைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

பாட்டாகப் படித்ததில் ஒரு தொல்லை. ‘நாளை’ என்ற சொல் வேண்டுமென்றால் பல்லவியிலிருந்து தொடங்கவேண்டும். அவள் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் நாளையே வந்துவிடும்.

புது ஷெட்டில் ஒரு புது மிஷின் இறங்கியது. அதை ஓட்டிக் காட்ட இத்தாலியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நரைத்த தாடி, காளீஸ்வரியின் அப்பா வயது. அந்த மிஷினுக்கு அவளைத்தான் போட்டார்கள்.

“அவருக்கு ஒரு வரி புரியட்டும், நீ படிச்சது பாஷைன்னு ஒத்துக்கிடுதேன். இல்லேன்னா ஒன்னரை வருசமா சும்மா மொனங்கிக்கிட்டு இருந்திருக்கேன்னு நீ ஒத்துக்கிடணும்,” என்றாள் மகாலட்சுமி.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் காளீஸ்வரிக்கு அது வேடிக்கையாக இல்லை. வாழ்க்கையில் அவளாகப் படித்தது இது ஒன்றுதான். அதுவும் முனகல் என்றாகிவிட்டால் கையில் வேறொன்றும் இல்லை.

போனைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லித்தரும். அது போனின் இத்தாலி. அதனால் தன் சரக்கிலிருந்தே கட்டினாள். ‘உங்கள் மொழியில் பாட்டு கேட்கிறேன். பேச ஒரு ஆள் கிடைக்காதா என்று இருந்தேன். செத்த நேரம் நில்லுங்கள்.’ இவ்வளவுதான் சொல்லவேண்டும். மொழி என்ற சொல் எந்தப் பாட்டிலும் இல்லை, குரல் இருந்தது. ‘ஆள்’ இல்லை, ‘நீ’ இருந்தது. செத்த நேரம் நில்லுங்கள் என்று காதலர்கள் சொல்வதில்லை. விட்டுப் போகாதே என்றுதான் கதறுகிறார்கள்.

மறுநாள் மிஷின் இரைந்துகொண்டிருந்தபோது அவர் முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். “உன் குரலைக் கேட்கிறேன். ஒவ்வொரு இரவும் உனக்காகக் காத்திருக்கிறேன்.”

அவர் மரியாதைக்காரர். பெண் ஏதோ சொல்கிறாளே என்று காதடைப்பைப் பிடுங்கி, மிஷினையும் நிறுத்தினார். அந்த ஷெட்டில் ஓடியது அது ஒன்றுதான். கடைசி வரி, “என்னை விட்டுப் போகாதே,” ராகத்தோடு கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் ராம்குமார் கையில் நூல் உருளையோடு அப்படியே நின்றார்.

மெக்கானிக்கின் காது சிவந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, மிக அன்பாக, நிறையப் பேசினார். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு விரலிலிருந்த மோதிரத்தைத் தொட்டுக் காட்டினார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி, மடியில் பேரக்குழந்தை. “அமோரே,” என்றார். அன்பே என்ற அந்த ஒரு சொல் புரிந்தது.

பஸ்ஸில் மகாலட்சுமி காத்திருந்தாள். “என்னட்டி சொன்னாரு?”

“அவருக்குப் பொண்டாட்டி இருக்காம்.”

“அதை ஏன் உங்கிட்ட...” மகாலட்சுமி நிறுத்தி, அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். “அப்ப நல்லாவே புரிஞ்சிருக்கு. பாஷைதாம்ட்டி. ஒத்துக்கிடுதேன்.”

காளீஸ்வரிக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அவர் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி விடைபெற்று வந்தார். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவள் விடியற்காலையிலேயே தயாராகி வந்திருந்தாள். ஆனால் தெரிந்த மன்னிப்பெல்லாம் ‘என் அன்பே’ என்றுதான் முடிந்தது. முகத்துணிக்குள் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவள் மிஷினுக்கு நாலடி முன்னால் அவர் நின்றார். ராம்குமாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு பஞ்சு மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு, பின்கதவு வழியாகப் போய்விட்டார்.